தோல் மடல் அறுவையை எதை வைத்துக் கற்பிப்பது? ஐந்து பயிற்சிப் பொருள்கள், ஓர் ஒப்பீடு

தையல் போடப் பழகிவிட்ட மருத்துவ மாணவர்களுக்கு அடுத்த படியாகத் தோல் மடலைக் கற்பிக்க விரும்பும் உதவிப் பேராசிரியர்களும், ஒரு நாள் பயிலரங்குக்கு ஏற்பாடு செய்யும் மாணவர் குழுவினரும், எதை வைத்துக் கற்பிப்பது என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் பணிபுரியும் என்னிடம் இக்கேள்வியோடு வருபவர் கையில், அநேகமாகச் சிலிக்கோன் தையல் அட்டைக்கான விலைப்பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கும். திறன் ஆய்வகத்துக்கு ஒதுக்கிய பணம் மார்ச் மாதத்துக்குள் செலவாக வேண்டும் என்ற அவசரமும் கூடவே இருக்கும்.

அறுவை அரங்கில் ஃபிளாப் என்றே வழங்கும் தோல் மடல், தோல் ஒட்டிலிருந்து ஓர் அடிப்படை விஷயத்தில் வேறுபடுகிறது. ஒட்டு என்பது உடலிலிருந்து முழுவதும் பிரித்தெடுத்து வேறிடத்தில் பதிக்கப்படுவது. அது பிழைப்பதற்கான இரத்தத்தைப் புதிய இடம்தான் தர வேண்டும். மடலோ ஒரு பக்கத்தில் காம்போடு உடலில் ஒட்டிக்கொண்டே இடம் மாறுகிறது. அந்தக் காம்பின் வழியே வரும் இரத்தமே அதன் உயிர். இளநிலை மருத்துவ மாணவர் நோயாளிக்குத் தாமே மடல் அறுவை செய்யப் போவதில்லை. ஆயினும் வி-ஒய் மடல் (வி வடிவில் வெட்டி நகர்த்தி, ஒய் வடிவில் தைப்பது), இசட் பிளாஸ்டி (இசட் வடிவில் வெட்டி, இரு முக்கோண மடல்களை இடம் மாற்றித் தைத்து நடுக்கோட்டை நீளச் செய்வது), சாய்சதுர மடல், சுழல் மடல் ஆகிய நான்கையும் ஒருமுறையேனும் தம் கையால் வரைந்து வெட்டித் தைத்தவருக்கு, தோல் எப்படி நகர்கிறது, எங்கே இழுக்கிறது, எதனால் செத்துப்போகிறது என்ற புரிதல் கிடைத்துவிடும். அந்தப் புரிதல் பின்னாளில் எந்தத் துறைக்குப் போனாலும் பயன்படும்.

## முதலில் அளவுகோல்கள்

மனிதத் தோலைப் போலவே இருக்கிறதா என்பதுதான் பலரும் முதலில் கேட்கும் கேள்வி. மாணவர் தவறு செய்யும்போது அத்தவறை அந்தப் பொருள் காட்டிக்கொடுக்குமா என்று நான் கேட்பேன். மடல் அறுவையில் தொடக்கநிலையினர் செய்யும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கின்றன: தளர்ந்த தோல் எந்தத் திசையில் இருக்கிறதென்று பாராமல் வரைவது, தோலுக்கு அடியில் தவறான ஆழத்தில் பிரிப்பது, காம்பை அறியாமலே அறுத்துவிடுவது, இழுவிசையோடு தைப்பது, மடலின் நுனியை இடுக்கியால் நசுக்குவது. எனவே ஒவ்வொரு பொருளையும் பின்வருமாறு எடைபோடுகிறேன்.

முதலாவது, அது இழுபடுகிறதா, ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் இழுபடுகிறதா என்பது. இரண்டாவது, தோலுக்கு அடியில் பிரித்தெடுக்கத் தக்க கொழுப்பு அடுக்கு இருக்கிறதா என்பது. மூன்றாவது, முரட்டுத்தனமாகக் கையாண்டால் அதன் தடயம் தெரிகிறதா என்பது. நான்காவது செலவு, இதில் பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், ஒரு மாணவர் ஒரு மடலைச் செய்து முடிக்க என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாவது, மாணவர்கள் மனமொப்பித் தொடுவார்களா, பாதுகாப்பானதா, மாலையில் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது.

## காகிதம், ஃபோம் ஷீட், பனியன் துணி

விலை குறைவு என்பதாலேயே மதிப்பும் குறைந்துபோன பொருள்கள் இவை. ஆனால் மடல் அறுவையின் பாதி வேலை வரைவதில்தான் இருக்கிறது, வரைவதற்குக் காகிதமே போதும். சாய்சதுர மடலை வகுத்த ரஷ்ய அறுவை மருத்துவர் லிம்பெர்க்கே தம் மடல் வடிவங்களைக் காகிதத்தில் வெட்டி விளக்கியவர். அதற்கும் வெகு முன்பே, சுசுருத சம்ஹிதை மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுக்கச் சொல்கிறது. 1794-இல் லண்டன் இதழொன்றில் வெளியான புனே அறுவை பற்றிய செய்தியில், மூக்கை இழந்த கோவாஸ்ஜி என்பவரின் முகத்தில் மெழுகுத் தகட்டைப் பொருத்திப் பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்துகொண்ட பிறகே கத்தி எடுத்தார்கள் என்ற விவரம் இருக்கிறது. இலையும் மெழுகும் இருந்த இடத்தில் இன்று காகிதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

60 பாகையும் 120 பாகையும் கொண்ட, 2 செ.மீ. பக்கமுள்ள சாய்சதுரத்தை வரையச் சொல்லுங்கள். அதன் குறுகிய மூலைவிட்டமும் 2 செ.மீ.தான் இருக்கும். அக்கோட்டை வெளிப்புறம் அதே நீளத்துக்கு நீட்டி, அங்கிருந்து சாய்சதுரத்தின் பக்கத்துக்கு இணையாக இன்னொரு 2 செ.மீ. கோடு போட்டால் மடல் கிடைத்துவிடும். இப்படி ஒரே சாய்சதுரத்துக்கு நான்கு மடல்கள் வரையலாம். அந்த நான்கில் எது சரி என்ற கேள்வியில் காகிதம் கைவிட்டுவிடும். ஏனெனில் காகிதம் எந்தப் பக்கமும் இழுபடாது.

அங்கேதான் பனியன் துணி வருகிறது. மெக்கானிக் கடைகளில் எண்ணெய் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் போதும். பின்னல் துணி குறுக்குவாட்டில் அதிகமாகவும் நெடுக்குவாட்டில் குறைவாகவும் இழுபடும். அதை எம்பிராய்டரி வளையத்தில் இலேசாக இழுத்து மாட்டி, அதன்மேல் நான்கு மடல்களில் இரண்டை வரைந்து வெட்டித் தைக்கச் சொன்னால், மடல் எடுத்த இடத்தை மூடும்போது ஒன்று எளிதாக மூடிக்கொள்வதையும் மற்றொன்று சுற்றிலும் சுருங்கி இழுப்பதையும் மாணவர் தம் விரலிலேயே உணர்வார். தோல் இயல்பாக எந்தத் திசையில் இழுபட்டிருக்கிறது என்று காட்டும் இழுவிசைக் கோடுகளைப் பற்றிய ஒரு மணி நேர விரிவுரை தராத தெளிவை இது தருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. துணியின் வெட்டு விளிம்பு சுருண்டுகொள்ளும்; நேர்த்தியான தையலுக்கு அது உதவாது. எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டில் விளிம்பு நன்றாக நிற்கும், கூடுதல் இழுவிசையில் ஊசித்துளை கிழிந்து தவறைக் காட்டவும் செய்யும். ஆனால் அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுபடும். இம்மூன்றுக்கும் அடியில் கொழுப்பு அடுக்கு கிடையாது என்பதால் வி-ஒய் மடலை இவற்றில் கற்பிக்கவே கூடாது. வி-ஒய் மடலில் முக்கோணத் தோலைச் சுற்றிலும் வெட்டிவிடுகிறோம். அடியிலுள்ள கொழுப்புதான் அதன் காம்பு. காகிதத்தில் அதை வெட்டினால் முக்கோணம் தனியே கையோடு வந்துவிடும். மாணவர் மனத்தில் அந்தப் படம்தான் பதியும்.

## சிலிக்கோன் அட்டை

சிலிக்கோன் அட்டையைத் தையலுக்காக வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்றமில்லை, கெடாது, விடுதி அறையில் வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கும் பழகலாம், சைவ மாணவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். ஒரே வெட்டில் நூறு முறை தைத்துப் பிரிக்கலாம் என்பதால் அதன் விலை நியாயமாகவும் தோன்றும்.

மடலுக்கு வரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரு சாய்சதுர மடலை வெட்டியதும் அட்டையின் கால் பகுதி தீர்ந்துவிடும்; அதை மறுபடி வெட்ட முடியாது. ஒரு மாணவர் நான்கு வகை மடலையும் செய்து முடிப்பதற்குள் ஓர் அட்டை குப்பைக்குப் போய்விடும். பெரும்பாலான அட்டைகளில் ஊசித்துளை கிழியாதிருக்க மேலடுக்குக்குள் வலைத்துணி பதித்திருப்பார்கள். தையல் பழகுவதற்கு வரமாக இருக்கும் அந்த வலை, மடலுக்குக் கேடாக முடிகிறது: தோலடுக்கு நீளாது, அடியிலுள்ள மென்மையான அடுக்கிலிருந்து பிரித்தெடுக்க முயன்றால் பாளம் பாளமாகப் பிய்ந்துவரும். வலையால் துளை கிழியாதென்பதால், அளவுக்கு மீறிய இழுவிசையோடு தைத்தாலும் அட்டை பொறுத்துக்கொள்ளும். மாணவர் பெருமையோடு காட்டுவார். நோயாளியிடம் அதே தையல் மூன்றாம் நாள் மடலின் நுனியைக் கறுக்க வைத்திருக்கும்.

மடலுக்கென்றே செய்த, நீளக்கூடிய, பல அடுக்கு முக மாதிரிகளும் சந்தையில் உண்டு. சாதாரண அட்டையை விட அவை பல மடங்கு மேலானவை, விலையும் அப்படியே. ஆசிரியர் ஒருவர் செய்துகாட்ட ஒன்று வாங்கலாம்; நாற்பது மாணவர்களுக்கு வாங்குவது பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது.

## கோழித் தோல்

எந்தத் தெருவிலும் கிடைக்கும், இறைச்சி உண்பவர் எவரும் பெரிதாக ஆட்சேபிக்காத இறைச்சி இது. ஆனால் வாங்கும்போதே கவனம் வேண்டும். பிராய்லர் கடையில் கேட்காமல் விட்டால் தோலை உரித்தே தருவார்கள். ‘தோலோடு முழுத் தொடை’ என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். நாட்டுக்கோழி வேண்டவே வேண்டாம்: மஞ்சள் பூசித் தீயில் வாட்டிய தோல் பாதி வெந்திருக்கும், இழுபடாது.

கோழித் தோலின் பெரிய பலம், அது மிக மெல்லியது, சற்றும் பொறுமையற்றது என்பதே. பல்லுள்ள இடுக்கியால் மடலின் நுனியை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் கிழிந்துவிடும். தோல் கொக்கியை எப்படிப் பயன்படுத்துவது, மூலைத் தையலை எப்படி நுனியின் உட்தோல் வழியே மட்டும் செலுத்துவது என்பவற்றைக் கற்பிக்க இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடையாது.

அதன் பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகிறது. கோழித் தோல் தசைமீது மிகத் தளர்வாக ஒட்டியிருக்கிறது, தோலுக்கடியில் கொழுப்பு ஆங்காங்கே திட்டுத் திட்டாகவே இருக்கிறது. விரலை விட்டாலே தோல் பிரிந்துவரும். பிரிப்பதில் கற்க ஒன்றுமில்லை. எந்த மடலும் எந்த இடத்துக்கும் சிரமமின்றி நகரும் என்ற பொய்யான நம்பிக்கையை அது தந்துவிடும். மறைந்திருக்கும் செலவு கிருமிதான்: பச்சைக் கோழியில் சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் இருக்கக்கூடும் என்பதால் கையுறை, மேசை விரிப்பு, சோப்பு, பயிற்சிக்குப் பிறகு கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

## பன்றித் தோல்

பன்றியின் தோல், மனிதத் தோலைப் போலவே, அடியிலுள்ள கொழுப்போடு உறுதியாகப் பிணைந்திருக்கிறது. மடல் பற்றிய அறிவின் ஒரு பகுதியே பன்றிகளிடமிருந்து வந்ததுதான்: மடலின் அகலத்தைக் கூட்டினால் நீளத்தையும் அதே விகிதத்தில் கூட்டலாம் என்ற நெடுநாள் நம்பிக்கையை அறுவை மருத்துவர் மில்ட்டன் 1970-இல் பன்றிகளில் செய்த சோதனைகள்தாம் உடைத்தன. அகலம் எவ்வளவு என்பதை விட, காம்பின் வழியே எந்த இரத்தக் குழாய் வருகிறது என்பதே முக்கியம் என்று அவை காட்டின.

வயிற்றுப் பகுதியில், தோலும் கொழுப்பும் சேர்ந்த உள்ளங்கையளவுத் துண்டு ஒரு மாணவருக்கு இரண்டு மடலுக்குத் தாராளம். இதில்தான் சரியான ஆழத்தைக் கற்பிக்க முடியும். உட்தோலுக்குக் கீழே கொழுப்பின் மெல்லிய படலம் மடலோடு ஒட்டியிருக்கும்படி பிரிக்க வேண்டும், ஏனெனில் நுண்குழாய் வலை அங்குதான் படர்ந்திருக்கிறது. மடலைத் தூக்கியதும் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே சீராகக் கொழுப்பு படிந்திருந்தால் சரி. இடையிடையே வெள்ளையாக உட்தோல் தெரிந்தால் அந்த இடங்களிலெல்லாம் குழாய் வலை அறுபட்டிருக்கிறது.

வி-ஒய் மடலுக்கும் இதுவே உரைகல். முக்கோணத்தைச் சுற்றிக் கொழுப்பு வரை வெட்டிவிட்டு, கத்தியை முக்கோணத்துக்கு அடியில் விடாமல், சுற்றியுள்ள தோலின் பக்கமே பிரித்து நகர்த்த வேண்டும். என் அனுபவத்தில், முதல் முயற்சியில் பலர் முக்கோணத்துக்கு அடியிலும் பிரித்து, தோலைத் தனித் துண்டாகக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் பயிற்சியை நிறுத்தி, இப்போது உங்கள் கையில் இருப்பது மடலா ஒட்டா என்று கேட்டால் போதும். அந்தப் பாடம் மறக்காது.

இனி மறைந்திருக்கும் சிக்கல்கள். நம் ஊர்களில் பன்றியின் முடியை நீக்கத் தீயில் வாட்டுவது வழக்கம்; வாட்டிய தோல் பயன்படாது, வெந்நீரில் முடி நீக்கியதைக் கேட்டு வாங்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கொழுப்பு கெட்டியாக இருக்கும், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தோல் தடிமனானது என்பதால் கத்திமுனைகள் விரைவில் மழுங்கும். ஒரு மாணவருக்கு 15-ஆம் எண் முனை இரண்டேனும் வேண்டும், வெட்டு விளிம்புள்ள ஊசியும் 3-0 அளவு நைலான் நூலும் வேண்டும். உடலிலிருந்து அறுத்தெடுத்த துண்டில் இழுவிசை தளர்ந்துவிடும். பலகையில் நான்கு பக்கமும் ஆணியடித்து இழுத்துக் கட்டினால் ஓரளவு சரியாகும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது மனத்தடை. இஸ்லாமிய மாணவர் பலர் பன்றி இறைச்சியைத் தொட விரும்புவதில்லை, சைவ மாணவரில் சிலர் எந்த இறைச்சியையும் தொட விரும்புவதில்லை. இதைப் பயிலரங்கு அன்று காலையில் கண்டுபிடிப்பது ஏற்பாட்டாளரின் பிழை. பதிவுப் படிவத்திலேயே கேட்டு, மறுப்பவருக்குக் கோழியோ துணியோ விளக்கம் கேட்காமல் கொடுத்துவிட வேண்டும்.

## பதனிட்ட உடல்

தோலின் இழுவிசைக் கோடுகளை வியன்னாவின் உடற்கூறியலர் லாங்கர் 1861-இல் விவரித்தது இறந்த உடல்களில் கூர்மையான உருளை ஊசியால் குத்திப் பார்த்துத்தான். வட்டமாகக் குத்திய துளைகள் நீள்வட்டமாக விரிந்த திசையே கோட்டின் திசை. ஆனால் ஃபார்மலினில் பதனிட்ட உடலில் தோல் விறைத்து, நீளும் தன்மையை இழந்துவிடுகிறது. அதில் சாய்சதுர மடலைச் சுழற்றுவது தோல் செருப்பைச் சுழற்றுவது போலத்தான்.

அதற்கு ஈடில்லாத பயன் வேறொன்று. குழாய் வலையை மட்டும் நம்பிய மடலையும், பெயருள்ள ஒரு தமனி நெடுகிலும் ஓடும் மடலையும் அறுவை மருத்துவர்களான மெக்ரெகரும் மார்கனும் 1973-இல் பிரித்துக் காட்டினார்கள். புருவத்தின் உள்முனைக்கு மேலே ஏறும் தமனி நெற்றி மடலுக்குள் எந்த அடுக்கில் ஓடுகிறது என்பதை உடலில் மட்டுமே காட்ட முடியும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர உடற்கூறியலர் தீல் 1992-இல் வெளியிட்ட பதனிடும் முறையிலும், உறைநிலையில் வைத்து இளக்கும் முறையிலும் தோல் மென்மையாக இருக்கும். அவற்றுக்கு உரிய குளிரறையும் தொற்றுப் பரிசோதனையும் தேவை. முதலாண்டு மாணவர் அறுத்து முடித்த உடலில் முகத்தோல் மிஞ்சியிருக்காது என்பதால், உடற்கூறியல் துறையிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பேசிவைக்க வேண்டும். கற்பதற்காக உடலைத் தந்தவர்மீது நாற்பது பேர் வரிசையில் நின்று முதன்முதலாகக் கத்தி பிடித்துப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. அந்தத் தடுமாற்றமெல்லாம் முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

உயிருள்ள விலங்கைப் பற்றி ஒரு வரி போதும். மாதிரி, நூல், படம் முதலியவற்றால் ஆகக்கூடிய கற்பித்தலுக்கு இயன்றவரை விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த அளவிலான பயிற்சிக்கு அது தேவையும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | திசைசார்ந்த இழுவை | பிரிக்கத் தக்க அடுக்கு | தவறைக் காட்டுவது | ஒரு மடலுக்கான செலவு | கவனிக்க |
|---|---|---|---|---|---|
| காகிதம் | இல்லை | இல்லை | வரைவுப் பிழை | மிகக் குறைவு | வி-ஒய் கூடாது |
| பனியன் துணி | நன்று | இல்லை | திசைப் பிழை | மிகக் குறைவு | விளிம்பு சுருளும் |
| சிலிக்கோன் அட்டை | இல்லை | பெயருக்கு | அநேகமாக எதையும் இல்லை | அதிகம் | தையலுக்கு நன்று |
| கோழி | மிகத் தளர்வு | மிக எளிதில் பிரியும் | முரட்டுக் கை | குறைவு | கிருமி |
| பன்றி | ஓரளவு | மிக நன்று | ஆழம், காம்பு, இழுவிசை | நடுத்தரம் | மனத்தடை, வாட்டிய தோல் |
| பதனிட்ட உடல் | ஃபார்மலினில் இல்லை | நன்று | தமனியின் பாதை | கணக்கிட இயலாது | அனுமதி, காலம் |

## இவற்றில் எதிலும் இல்லாத ஒன்று

மேலே சொன்ன எதிலும் இரத்தம் ஓடவில்லை. மேசையில் அழகாக முடிந்த மடல் நோயாளியிடம் பிழைத்திருக்குமா என்று எந்தப் பொருளும் சொல்லாது. இதற்கு நான் பயன்படுத்தும் சிறு உத்தி ஒன்று உண்டு: ஃபோம் ஷீட்டின் அடிப்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கிளை கிளையாகக் குழாய்களை வரைந்துவிட்டு, மேல்பக்கத்தில் மடல் வரைந்து வெட்டச் சொல்வேன். வெட்டி முடித்ததும் திருப்பிப் பார்த்தால், காம்பின் வழியே எத்தனை கோடுகள் உள்ளே வருகின்றன, எத்தனை அறுபட்டன என்பது தெரிந்துவிடும். விளையாட்டுப் போலத்தான் இருக்கும், ஆனாலும் அடுத்த மடலை வரையும் முன் எல்லோரும் குழாய் எங்கே என்று கேட்கத் தொடங்குவார்கள்.

மீதியை வார்டில்தான் கற்க வேண்டும். மடல் அறுவை முடிந்த நோயாளியை முதல் மூன்று நாட்கள் மாணவர் காலையும் மாலையும் பார்க்கட்டும். விரலால் அழுத்தி எடுத்ததும் நிறம் திரும்பத் தாமதமாகி, மடல் வெளிறிக் குளிர்ந்திருந்தால் இரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்து, வீங்கி, நிறம் சட்டென்று திரும்பினால் வந்த இரத்தம் வெளியேறவில்லை. இதற்குப் பணச் செலவில்லை. அழைத்துப் போக ஒருவர் இருந்தால் போதும்.

## எந்தச் சூழலுக்கு எது

மூன்றாம் ஆண்டு மாணவர் நூறு பேருக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், காகிதமும் பனியன் துணியும் போதும். இறைச்சிக்குப் போக வேண்டாம். மேற்பார்வையிட ஆளில்லாமல் நூறு கத்திகளை விநியோகிப்பது ஆபத்து, கத்தரிக்கோலே போதும்.

ஆர்வமுள்ள இருபது பேருக்கு ஒரு முழு நாள் கிடைத்தால், காலையில் துணி, பிற்பகலில் பன்றி என்று வகுக்கலாம். ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். மழுங்கிய முனைகளையும் ஊசிகளையும் போட, குத்தினாலும் துளைபடாத வெள்ளைக் கலன் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். பன்றி கிடைக்காத ஊரில் கோழித் தொடையைக் கொண்டு சமாளிக்கலாம். ஆனால் வி-ஒய் மடலை அன்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சிலிக்கோன் அட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்ட கல்லூரிகள், அதை மடல் நாளுக்கு முந்தைய மாதம் மாணவர்களிடம் கொடுத்து, மூலைத் தையலையும் உட்தோல் தையலையும் பழகி வரச் சொல்லலாம். தையலில் கை தடுமாறும் மாணவருக்கு மடலின் வடிவத்தைக் கவனிக்க மனம் ஒதுங்காது என்பதால், இந்த முன்தயாரிப்பு பிற்பகலில் ஒரு மணி நேரத்தையாவது மிச்சப்படுத்தும்.

பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் சுழற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்குப் பன்றித் தோலில் தொடங்கி, உடற்கூறியல் துறை இசைந்தால் நெற்றி மடலை உடலில் பார்ப்பது வரை போகலாம். இவர்களுக்கு ஒரு சிறு தேர்வும் வைக்கலாம். பலகையில் இழுத்துக் கட்டிய தோலில் 3 செ.மீ. கோடு ஒன்றை வரைந்து, அதன் இரு முனைகளிலும் மையால் புள்ளி வைத்து, 60 பாகையில் இசட் பிளாஸ்டி செய்யச் சொல்லுங்கள். கணக்கின்படி நீளம் 75 சதவீதம் கூடி 5.25 செ.மீ. ஆக வேண்டும். தைத்து முடித்த பிறகு அளவுகோலை வைத்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வரும். எவ்வளவு குறைந்தது, கோணம் சிறுத்ததாலா, சுற்றியுள்ள தோல் இடம் கொடுக்காததாலா, மடலின் கை ஒன்று மற்றதை விடக் குட்டையாக வெட்டப்பட்டதாலா என்று அவரையே அளந்து சொல்ல விடுங்கள்.